ஆறுதலா எழுதுங்கோ, ரீச்சர்

உரும்பிராய்ச் சந்தியில், பஸ்ஸுக்கு நிற்கிற சனத்துக்கு முன்னால், நான் தனியே நின்று சிரித்துக்கொண்டிருந்தேன். வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிற சிரிப்பு இல்லை. குடையை நிலத்தில் ஊன்றிக்கொண்டு வயிறு நோகச் சிரித்தேன். பூமாலை வாங்க வந்து, திரும்பிப் போய்க்கொண்டிருந்ததோ செத்தவீட்டுக்கு.

வாழைப்பழக் கடைக்காரர் ஓடி வந்து இருக்க ஒரு வாங்கைக் காட்டினார்.

“ரீச்சர், இருங்கோ. பக்கத்து வீட்டுச் சாவெல்லே, தாக்கத்தான் செய்யும்.”

தாக்கம் ஒன்றும் இல்லை. மின்கம்பத்தில் கட்டியிருந்த கண்ணீர் அஞ்சலி பனரைத்தான் பார்த்தேன். அதில் பூமணி அக்காவின் படம், அதற்குக் கீழே கொட்டை எழுத்தில் ‘ஓய்வறியா உழைப்பாளி’.

ஓய்வறியாவாம். பூமணி அக்காவாம்.

அந்த மனுசிக்கு இந்த உலகத்தில் ஒழுங்காகத் தெரிந்தது ஓய்வு ஒன்றுதான். அதைப் போய் அறியாதவள் என்று எழுதினால் சிரிக்காமல் என்ன செய்வது? கண்ணைத் துடைத்துக்கொண்டு பனர் அடித்த தம்பிக்குப் போன் போட்டேன். தம்பி என்றால் நாற்பது தாண்டியவர், சந்திக்குப் பக்கத்தில் அச்சுக்கூடம் வைத்திருக்கிறார்.

“ஆர் ராசா உந்த வசனத்தைத் தந்தது?”

“நீங்கள்தான் ரீச்சர். உங்கடை வசனமெல்லாம் கொம்பியூட்டரிலை கிடக்கு. பொம்பிளையளுக்கு ஓய்வறியா, ஆம்பிளையளுக்குத் தன்னலமில்லா. பேரை மட்டும் மாத்துவம்.”

என் சிரிப்பு அந்த இடத்திலேயே நின்றுவிட்டது.

என்னுடைய தொழில்

சென்ற வாரம் இந்தப் பத்தியில் நான் சைக்கிள் பழகப்போய் வேலிக்குள் விழுந்த கதையை எழுதியதில் என் கணவருக்கு இன்னும் கோபம். தான் பிடித்தது உண்மை, விட்டது பொய்யாம். அதைப் பிறகு பார்ப்போம். இந்த வாரம் நான் பொய் எழுதிய கதை.

நான் கல்வெட்டுக்குப் பாட்டு எழுதுகிறவள். எங்கள் பக்கத்தில் ஒருவர் காலமானால் முப்பத்தோராம் நாள், அந்தியேட்டி முடிய, ஒரு சின்னப் புத்தகம் அடித்து வந்தவர்களுக்குக் கொடுப்பார்கள். அதுதான் கல்வெட்டு. படம் இருக்கும், வரலாறு இருக்கும், தேவாரம் இருக்கும், காலமானவரைப் பற்றி நாலைந்து வெண்பாவும் இருக்கும். அந்த வெண்பா என் பங்கு.

பள்ளிக்கூடத்தில் தமிழ் படிப்பித்த காலத்தில் தொடங்கியது. பென்சன் எடுத்த பிறகு கிழமைக்கு ஒன்று, சில கிழமை மூன்று. ஆட்கள் காலமாவதற்கு ஒரு ஒழுங்கு இல்லை பாருங்கள்.

இந்த வேகத்தில் எழுதினால் என்ன நடக்கும்? ஒருமுறை ஒரு பெரியவருக்குத் ‘தேனொழுகப் பேசுவார்’ என்று எழுதினேன். அந்தியேட்டி வீட்டில் அவருடைய மனைவி கல்வெட்டை இரண்டு தரம் வாசித்துவிட்டு என்னைப் பக்கத்தில் கூப்பிட்டார்.

“ரீச்சர், இது ஆரைப் பற்றி?”

மனிதர் பதினேழு வருடம் வீட்டில் ஒருவரோடும் கதைக்கவில்லையாம். சாப்பாட்டுக்கும் மணிதான் அடிப்பாராம். நான் அதையும் சமாளித்தேன், மௌனமும் ஒரு தேன்தான் என்று. அந்த அம்மா சிரிக்கவில்லை.

இரண்டு கதிரை

பூமணி அக்கா எங்கள் பக்கத்து வீடு. என்னிலும் ஏழெட்டு வயது கூட. புருசன் நேரத்தோடு காலமானவர், ஒரே மகள் சுதா கனடாவில். இரண்டு வளவுக்கும் நடுவில் மதில் கட்டியபோது, நாங்கள் இருவரும் மேசனோடு சண்டை பிடித்து ஒரு சின்னப் படலை விடச் செய்தோம்.

அந்தப் படலையால் போனால் கறுத்தக்கொழும்பான் மாமரம். அதற்குக் கீழே இரண்டு நீலப் பிளாஸ்ரிக் கதிரை. ஒன்று அவவுக்கு, மற்றது வருகிறவருக்கு. காலமை பத்து மணிக்கு அக்கா வந்து இருந்தால் பன்னிரண்டு மணிக்குத்தான் எழும்புவா. அந்த இரண்டு மணித்தியாலமும் ஒரு வேலையும் இல்லை. கையில் கீரை இல்லை, மடியில் சுளகு இல்லை, செபமாலை மாதிரி உருட்ட உருத்திராட்சமும் இல்லை. சும்மா இருப்பா.

எங்கள் ஊரில் ஒரு பெண் சும்மா இருப்பது லேசான விசயம் இல்லை. நாங்கள் எல்லாரும் விடிய எழும்பி வீட்டு வாசல் முத்தம் கூட்டுகிற ஆட்கள். ஒரு சருகு கிடந்தால் அந்த வீட்டுக்காரிக்குச் சுகமில்லை என்று அர்த்தம். பூமணி அக்கா ஒன்றுவிட்ட ஒருநாள்தான் கூட்டுவா. “நான் கூட்டினாலும் அது விழும்” என்பா. அதற்காகவே ஊர் அவவுக்குப் பஞ்சிப் பூமணி என்று பெயர் வைத்தது. பஞ்சி என்றால் வேறொன்றும் இல்லை, சோம்பல்தான்.

எனக்கு ஒரு வெண்பாவில் அடி சிக்கினால் கொப்பியையும் பேனையையும் தூக்கிக்கொண்டு படலையால் போவேன்.

“அக்கா, பின்னேரம் கொடுக்கவேணும். மூண்டாம் அடி வருகுதில்லை.”

“இரும். ஆறுதலா எழுதுங்கோ, ரீச்சர்.”

எனக்கு ‘இரும்’, என் தொழிலுக்கு ‘எழுதுங்கோ’. அவ்வளவுதான் அவ பேசுவது. ஆறுதலா என்றால் எங்கள் ஊரில் அவசரப்படாமல் என்றும் அர்த்தம். பிறகு இரண்டு பேரும் மாமரத்து எறும்பைப் பார்த்துக்கொண்டு இருப்போம். முதல் பத்து நிமிடம் எனக்குக் கால் துடிக்கும், அடுப்பில் என்ன கிடக்கு என்று மனம் ஓடும். பிறகு அது தானாக அடங்கும். எங்கோ இருந்து ஒரு சொல் வரும், நான் தேடாத சொல். நான் எழுதியதில் நாலு பேர் நல்லது என்று சொன்ன பாட்டு எல்லாம் அந்த இரண்டாவது கதிரையில் வந்தவை. மேசையில் இருந்து எழுதியவை எல்லாம் ஓய்வறியாதவை. இந்த வித்தியாசத்தை நான் வெளியில் சொன்னதில்லை, இப்போதுதான் சொல்கிறேன்.

அவ போன நாளும் அப்படித்தான். நான் போகும்போது அக்கா கதிரையில் கண்ணை மூடிக்கொண்டு இருந்தா. மற்றக் கதிரையில் இருந்தேன். அரை மணித்தியாலம் ஒரு ஈற்றடியை யோசித்தேன். அடி வந்தது.

“அக்கா, வந்திட்டுது” என்றேன்.

பதில் இல்லை. பதில் சொல்லாதது அவவின் வழக்கம் என்றபடியால் நான் அடியைக் கொப்பியில் எழுதி முடித்தேன். பிறகுதான் அவவின் கையில் இலையான், ஒரு ஈ, இருந்தும் கை அசையாததைக் கண்டேன்.

எனக்கு மிகவும் பிடித்த மனுசி போய்விட்டா. நான் பக்கத்தில் இருந்தும் தெரியாமல் போயிற்று. அதை நினைத்து அழுதேன். அவ்வளவு அமைதியாகப் போனாவே என்று பொறாமையும் பட்டேன்.

சுதாவின் கட்டளை

சுதா கனடாவில் இருந்து வந்தாள். என்னிடம் படித்தவள். அங்கே இரண்டு வேலை செய்கிறாள், இங்கே வந்தும் அவளுக்குக் கை சும்மா இருக்கவில்லை. செத்தவீட்டுச் சனம் போய் முடிய முதல் யன்னல் சீலை முழுவதையும் தோய்த்துப் போட்டாள்.

எட்டுச் செலவுச் சடங்கு முடிந்த மறுநாள் படலையால் வந்தாள்.

“ரீச்சர், கல்வெட்டுப் பாட்டு நீங்கள்தான். அந்த ‘ஓய்வறியா’ கட்டாயம் வேணும்.”

“பொய்யெல்லோ பிள்ளை.”

“நீங்கள் எழுதின மற்றதெல்லாம் உண்மையோ?”

படிப்பித்த பிள்ளைகள் இப்படித்தான் கடைசியில் திருப்பித் தருவார்கள்.

“என்னைப் பள்ளிக்கூடத்திலை பஞ்சியின்ரை மகள் எண்டுதான் கூப்பிட்டவை. உங்களுக்கும் தெரியும். நான் ரெண்டு வேலை செய்யிறதே அந்தப் பேரைக் கழுவத்தான். இந்தக் கல்வெட்டு ஊரிலை எல்லா வீட்டுக்கும் போகும். அதிலையாவது என்ரை அம்மா ஒரு உழைப்பாளியா இருக்கட்டும்.”

சொல்லிக்கொண்டே மேசையில் கிடந்த கொப்பியை என் பக்கம் தள்ளினாள்.

நான் மேசையில் இருந்து எழுதினேன். ஓய்வறியாத் தாய் என்று தொடங்கினால் கை நகராது. ஓய்வறிந்த தாய் என்று தொடங்கினால் சுதாவின் முகம் வந்து நிற்கும். பூமணி அக்காவைப் பற்றிப் பொய் எழுதினால் இனி அந்தக் கதிரையில் இருக்க எனக்கு முகம் இல்லை. உண்மையை எழுதினால் அவவின் பிள்ளைக்கு நோகும். இரண்டும் இல்லாத மூன்றாவது ஒன்று வேண்டும். அச்சுக்கூடத் தம்பிக்குக் கொடுக்க இன்னும் பத்து நாள் இருந்தது. கொப்பியில் பன்னிரண்டு தாள் கிழிந்தது, பாட்டு வரவில்லை.

சும்மா இருக்கிறா

பதின்மூன்றாவது தாளில் புத்தி வந்தது. என் கணவரிடம் போய்ச் சொன்னேன்.

“இண்டையிலிருந்து பத்துக்கும் பன்னிரண்டுக்கும் இடையிலை நான் ஒண்டும் செய்யமாட்டன்.”

“அப்ப சமையல்?”

“பிறகு.”

“பிறகெண்டால் எப்ப?”

“ஆறுதலா.”

மனிதர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். “நீர் சுகமாத்தானே இருக்கிறீர்?” என்று கேட்டுவிட்டு மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு கொடிகாமம் சந்தைக்குத் தேங்காய் வாங்கப் போய்விட்டார். வினை அங்கேதான் தொடங்கியது.

நான் மாமரத்துக்குக் கீழே இரண்டாவது கதிரையில் போய் இருந்தேன். முதலாம் நாள் காலடியில் இருந்த புல்லைப் பிடுங்கினேன். இரண்டாம் நாள் புல் இல்லை, போனைப் பார்த்தேன். மூன்றாம் நாள் போனை வீட்டில் வைத்துவிட்டு வந்து, மதிலில் எத்தனை கல் என்று எண்ணினேன். சும்மா இருப்பதை நான் அக்காவோடு சேர்ந்துதான் செய்திருக்கிறேன், தனியே செய்து பழக்கம் இல்லை. அது எவ்வளவு கடினமான வேலை என்று அப்போதுதான் விளங்கியது. நாலாம் நாள் கொஞ்சம் பிடிபட்டது. அன்று பார்த்துக் கனகம் வந்தா.

கனகம் எங்கள் ஒழுங்கை முடிவில் இருப்பவ. கையில் இரண்டு கிலோ மிளகாய்த்தூள், மூன்று பொலித்தீன் பையில் சுற்றி, மேலே மகனின் பெயர் எழுதியிருந்தது.

“எப்ப ரீச்சர் பயணம்?”

“என்ன பயணம்?”

“சரி, சரி. கண்ணூறு படும், சொல்லவேண்டாம்.” குரலைத் தாழ்த்திக்கொண்டா. “இது என்ரை மூத்தவனுக்கு. கனடாவிலை எயாப்போட்டுக்கே வந்து வாங்குவான்.”

நடந்தது இதுதான். கொடிகாமம் சந்தையில் ஆரோ என் கணவரிடம், “ரீச்சர் என்ன செய்யிறா?” என்று கேட்டிருக்கிறார்கள். மனிதர் உள்ளதைச் சொன்னார், “சும்மா இருக்கிறா.” எங்கள் ஊரில் ஒரு ஆள் பகலில் சும்மா இருந்தால் இரண்டே காரணம்தான். ஒன்று நோய் வருத்தம், மற்றது விசா. நான் மூன்று வேளையும் சாப்பிடுகிறேன் என்பது எல்லாருக்கும் தெரியும். ஆகவே விசா.

இல்லை என்று சொல்லித் தப்பவும் வழி இல்லை. வெளிநாட்டுக்குப் போகிறவர்கள் பிளேனில் ஏறி இருக்கும்வரை இல்லையென்றுதான் சொல்வார்கள். நான் எவ்வளவுக்கு மறுத்தேனோ அவ்வளவுக்குப் பயணம் உறுதியாயிற்று. கிழமை முடிய முதல் என் வீட்டு மேசையில் மிளகாய்த்தூள் ஐந்து பொதி, மோர்மிளகாய், ஒடியல், வேப்பம்பூ வடகம் எல்லாம் வரிசையாக நின்றன. வடகம் கொண்டுவந்தவ, “குளிருக்கு மேல்சட்டை வாங்கியாச்சோ?” என்றும் விசாரித்தா.

பிறகு என் மகளின் போன் வந்தது. அவளும் கனடாதான்.

“அம்மா, நான் பிள்ளைத்தாச்சியாம். நீங்கள் பேறு பார்க்க வாறியளாம். எத்தினையாம் மாசம் எண்டு ஒருக்கா விசாரிச்சுச் சொல்லுங்கோ.”

அவளுடைய மூத்தவன் அடுத்த வருடம் யூனிவேசிற்றிக்குப் போகிறான்.

“நீங்கள் உண்மையா என்னம்மா செய்யிறியள்?” என்று கேட்டாள்.

“சும்மா இருக்கிறன்.”

“அம்மா, நீங்கள் சுகமாத்தானே இருக்கிறியள்?”

தகப்பனும் மகளும் ஒரே கேள்வி. எனக்குக் கோபம் வந்து போனை வைத்துவிட்டேன்.

முத்தம் கூட்டியவள்

தவணைக்கு ஒருநாள்தான் மிச்சம். அச்சுக்கூடத் தம்பி காலமை இரண்டுதரம் போன் எடுத்துவிட்டார். அதனால் போனையும் கொண்டு வந்து கதிரையில் இருந்தேன். சுதா தும்புத்தடியோடு வந்து முத்தம் கூட்டத் தொடங்கினாள். கூட்டிக்கொண்டு போன இடத்தில் பின்னாலேயே சருகு விழுந்தது. திரும்பி வந்து கூட்டினாள். மறுபடியும் விழுந்தது. மூன்றாம் தரம் மரத்தை நிமிர்ந்து பார்த்து முறைத்தாள்.

“பாட்டு முடிஞ்சுதோ ரீச்சர்?”

“இல்லை.”

“ஒரு கிழமையா இதிலை இருக்கிறியள். அம்மா மாதிரி.”

அது வசவு. நான் பொருட்படுத்தவில்லை.

“அந்தக் கதிரையிலை இரும் பிள்ளை. களைச்சுப்போனீர்.”

“எனக்கு வேலை கிடக்கு” என்று சொல்லிக்கொண்டே, தும்புத்தடியை மடியில் வைத்தபடி தாயின் கதிரையில் நுனியில் இருந்தாள். கால் துடித்தது. கண் யன்னல் சீலையில் போய் நின்றது. நான் எறும்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கொஞ்ச நேரத்தில் முதுகு சாய்ந்தது. இன்னும் கொஞ்ச நேரத்தில் தும்புத்தடி சரிந்து விழுந்தது, அவளுக்குத் தெரியவில்லை. வாயைத் திறந்தபடி நல்ல நித்திரை. கனடா போன நாளில் இருந்து பாக்கி வைத்த நித்திரை அது என்று நினைக்கிறேன்.

அவள் மூச்சு விடுகிறாளா என்று ஒருமுறை கிட்டப் போய்ப் பார்த்தேன். பழைய பயம். மூச்சு வந்தது. திரும்பி வந்து இருந்ததும் பாட்டும் வந்தது, நாலு அடியும் ஒன்றாக.

*ஓடித் திரிந்தோர்க் கொருகதிரை போட்டிருத்தி*
*வாடும் மனமாற வாய்திறவா தேயிருந்தாள்*
*கூடிக் கதைத்தவூர் பஞ்சியெனச் சொன்னாலும்*
*பூமணிக் காறுதல் பேர்.*

நாலாவது அடியில் எதுகை இல்லை. தமிழ் படித்தவர்கள் கடிதம் போடவேண்டாம், எனக்கும் தெரியும். எதுகையைத் தேடி ஓடியிருக்கலாம். பூமணி அக்காவின் பாட்டுக்காக ஓடுவது முறையில்லை என்று விட்டுவிட்டேன்.

பத்து நிமிடம்

சுதா கண் விழித்ததும் கொப்பியை நீட்டினேன். எத்தனையோ கல்வெட்டு எழுதியிருக்கிறேன், ஒரு பிள்ளையின் முகத்தைப் பார்க்க இப்படிப் பயந்ததில்லை.

ஒருதரம் வாசித்தாள். பஞ்சி என்ற இடத்தில் விரலை வைத்தாள்.

“இதையும் போட்டிட்டியள்.”

“ஓம் பிள்ளை. ஊர் சொன்னதுதானே. மறைச்சால் ஊர் திரும்பவும் சொல்லும்.”

அவள் கீழே கடைசி அடிக்குப் போனாள். ‘ஆறுதல்’ என்ற சொல்லில் விரல் நின்றது.

“நான் கனடாவுக்குப் போன அண்டைக்கு, ரீச்சர், வாசலிலை வான் கோன் அடிச்சுக்கொண்டு நிக்குது. எல்லாற்றை தாய்மாரும் பொதி கட்டிக் குடுத்தவை. என்ரை அம்மா ஒண்டும் கட்டேல்லை. என்னைக் கூட்டிக்கொண்டு வந்து இதிலை இருத்திப்போட்டு, ஆறுதலாப் போகலாம், இரு எண்டா. பத்து நிமிசம். ஒரு கதையும் இல்லை. ஒரு பொதி கட்டவும் பஞ்சிப்பட்ட மனுசி எண்டு நான் இவ்வளவு காலமும் கோவத்திலை இருந்தனான்.”

மூக்கைத் துடைத்தாள்.

“நான் கடைசியாச் சும்மா இருந்தது அந்தப் பத்து நிமிசம்தான்.”

அவளுடைய தலையில் விழுந்திருந்த சருகை எடுத்துப் போட்டேன்.

என் போன் அடித்தது. அச்சுக்கூடத் தம்பி. “ரீச்சர், மெசின் சும்மா நிக்குது, பாட்டு எங்கை” என்று அவர் போட்ட சத்தம் மாமரம் வரைக்கும் கேட்டது. நான் பதில் சொல்ல முதல் சுதா போனை வாங்கினாள்.

“தம்பி, நான் சுதா. பாட்டுச் சரி, இப்ப அனுப்பிறன். ‘ஓய்வறியா’ வேண்டாம், அதை எடுத்துவிடுங்கோ. ஓம், பனரையும் கழட்டுங்கோ.” கொஞ்சம் நிறுத்தினாள். “ஒரு அவசரமும் இல்லை. ஆறுதலா அடியுங்கோ.”

அந்தியேட்டி முடிந்து அவள் கனடாவுக்குத் திரும்பியபோது கனகத்தின் மிளகாய்த்தூளில் இருந்து வேப்பம்பூ வடகம் வரைக்கும் எல்லாப் பொதியும் அவளுடைய பெட்டிக்குள்தான் போனது. பொதி கட்டியவள் நான். எனக்கு விசா சரிவராமல் போய்விட்டது என்று ஊர் இன்னும் இரக்கப்படுகிறது.

அன்று பாட்டை அனுப்பி முடிய அவள் போனை என் மடியில் வைத்தாள். வெயில் மாமரத்துக்குள்ளால் இறங்கி வந்தது. கூட்டின முத்தத்தில் சருகு விழுந்துகொண்டே இருந்தது, தும்புத்தடி விழுந்த இடத்திலேயே கிடந்தது. பன்னிரண்டு மணியாகும்வரை நாங்கள் இருவரும் எழும்பவில்லை.